ஆடியில் காட்டிய வீடு

உரிகம், கோலார் தங்கவயல்
1928 மே 20

அன்புள்ள சுந்தரிக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. "சாப்பிட்டேன்" என்று ஒற்றை வார்த்தையில் எழுதினால் நம்பமாட்டேன்.

சுரங்க ஸ்டோர் ஆபீசில் என் வேலை நிரந்தரமாகிவிட்டது. இனி ஆம்பூரில் நமக்கு வேலையில்லை. நம் பையன் சாமுவேலைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்றே நான் முடிவு செய்தது இது, உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு கார்த்திகையை அந்த வீட்டில் நீ கழிக்கக்கூடாது. மாரிக்குப்பத்தில் கிணற்றோடு ஒரு வீடு விலைக்கு வருகிறது. ஆம்பூர் வீடு கைமாறினால்தான் அதை வாங்கி உன்னை அழைத்துக்கொள்ள முடியும். அதுவரைக்கும் நான் இங்கே நான்கு பேரோடு ஒரு அறையில்.

வீட்டை விற்கிற லட்சணத்துக்குக் கொண்டுவருவது உன் பொறுப்பு. சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து இரண்டு பூச்சு அடிக்கச் சொல். உடைந்த ஓடுகளை மாற்று. அடுப்பங்கரைச் சுவரில் கரி ஒரு பொட்டுக்கூட இருக்கக்கூடாது. கிணற்றைத் தூர் வாரி, வந்தவர்களுக்கு நீயே ஒரு சொம்பு இறைத்துக் கொடு. தரகர் வாஹித் பாஷாவிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

உன் அன்பு
தேவசகாயம்


ஆம்பூர்
1928 ஜூன் 4

கர்த்தருக்குள் பிரியமான என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சுந்தரி ஸ்தோத்திரம்.

காலையில் கேழ்வரகுக் கூழும் மாங்காய்த் துண்டும். மத்தியானம் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். ராத்திரி, மத்தியானத்துச் சோறே. ஒற்றை வார்த்தை கூடாதென்றீர்களே, இப்போது திருப்திதானா?

நீங்கள் சொன்னதெல்லாம் ஆயிற்று. சுண்ணாம்பு அடிக்க வந்தவன் நீலத்தை அள்ளிக் கொட்டிவிட்டான். கூடம் போலீஸ் ஸ்டேஷன் போல இருந்தது. மறுபடியும் அடிக்க வைத்தேன். அடுப்பங்கரைக் கரியை நானே செங்கல்லால் தேய்த்து எடுத்தேன், தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் தைலம் தேய்த்திருப்பீர்கள் என்று எழுத வந்தேன். எங்கே, அப்போதும் நீங்கள் ஓடுகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் வீடு பார்க்க வருகிறவர்கள் யாரும் சுவரைப் பார்க்கிற மாதிரி தெரியவில்லை. மளிகைக்கடைப் பச்சையப்பன் போன சனிக்கிழமை வந்தார். வாசற்படியில் கால் வைத்தவர் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு, "இன்னாம்மா இது, உள்ள மனுசன் எப்டி குந்துறது?" என்றார். கீழண்டை மனையைத் தோல் பதனிடும் ஷாப்காரர் வாங்கி, நம் மதிலை ஒட்டித் தோல் ஊறப்போடும் தொட்டி கட்டியதிலிருந்து வருகிற நாற்றம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் மூக்கைப் பொத்துகிற வரைக்கும் எனக்கு அங்கே நாற்றம் இருப்பதே தெரியவில்லை. அன்றைக்கு முழுவதும் ஒவ்வொரு அறையாகப் போய் மோந்து பார்த்தேன். சுண்ணாம்பு வாசனை மட்டும்தான் வந்தது. அது என்னைக் கொஞ்சம் பயமுறுத்துகிறது.

வாஹித் பாஷா சிரிக்கிறார். "சுவத்துக்கு வெள்ளையடிச்சிட்டே தங்கச்சி. காத்துக்கு எப்டி அடிக்கப்போறே?" என்று கேட்டார். நீங்கள்தான் அவருக்குப் பதில் எழுத வேண்டும்.

தங்கள் அன்பு மனைவி
ஞானசுந்தரி


உரிகம்
1928 ஜூன் 14

அன்புள்ள சுந்தரிக்கு,

பாஷாவுக்குப் பதில் இருக்கிறது. காற்றுக்கும் வெள்ளையடிக்கலாம்.

ஷாப் நமக்குக் கிழக்கே. ஆடி பிறந்தால் மேற்கிலிருந்து மேல்காற்று. ஆற்றுப் பக்கத்திலிருந்து அடிக்கிற காற்று நம் வீட்டைத் தாண்டித்தான் ஷாப்புக்குப் போகும், அங்கிருந்து ஒரு பொட்டு நாற்றம் இந்தப் பக்கம் வராது. போன வருஷம் ஆடியில் சாமுவேல் எப்படி ஓடியாடினான் என்று நினைத்துப் பார். ஐப்பசியில் காற்று திரும்பி ஷாப் பக்கமிருந்து அடித்த பிறகுதானே அவனுக்கு மூச்சு இழுப்பு வந்தது. ஆகவே ஆடி வரைக்கும் யாரையும் உள்ளே விடாதே. பூச்சு காயவில்லை என்று சொல்.

ஆடியில் எந்த இந்துவும் வீடு பார்க்க வரமாட்டான். பச்சையப்பனை விட்டுவிடு. நம்மவர்களும் சாயபுமார்களும் மாதம் பார்க்கமாட்டார்கள், அவர்களில் ஒருவரைப் பிடிக்கும்படி பாஷாவிடம் சொல்லியாயிற்று. உள்ளூர் ஆள் வேண்டாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டிவரச் சொல். தொழுகைக்காக ஷாப் மூடியிருக்கும், தோல் வண்டிகளும் தெருவில் வராது.

கீழண்டை ஜன்னலைச் சாத்தி அலமாரியை அதன் முன்னால் நகர்த்தி வை. மேலண்டை ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கட்டும். சாம்பிராணி போடாதே. போட்டால் எதையோ மறைக்கிறோம் என்று தெரிந்துவிடும். மல்லிகையும் வேண்டாம். வீடு வெறும் வீடாக மணக்க வேண்டும்.

பையனைப் பற்றிக் கேட்டால் காய்ச்சல் என்று சொல்.

உன் அன்பு
தேவசகாயம்


ஆம்பூர்
1928 ஜூலை 29

பிரியமான என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சுந்தரி ஸ்தோத்திரம்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். அரக்கோணத்திலிருந்து தானியேல் என்று ஒருவர், ரயிலில் கார்டாக இருந்து இந்த வருஷம் ஓய்வு பெற்றவர். நம் சபைதான். அவருடைய சம்சாரம், ஒரே மகள். கல்யாணமாகி வெகு காலத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளையாம். பெயர் மரகதம். பாவாடை கட்டின சின்னப் பெண், கையில் ஒரு துணிப் பொம்மை.

அந்தப் பெண்ணுக்கு இழுப்பு.

நான் சொம்பில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. வண்டியிலிருந்து இறங்கி நடந்த களைப்பில் நெஞ்சுக்குள் கீச்சென்று ஒரு சத்தம். எனக்கு அது தெரியாதா? சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அரக்கோணத்தில் எஞ்சின் கொட்டகைக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. அந்தக் கரிப்புகைதான் பிள்ளைக்கு ஆகவில்லை, நல்ல காற்று உள்ள இடமாகப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். அவர்கள் வீடு தேடவில்லை, காற்றைத் தேடி வந்திருக்கிறார்கள். மேலண்டை ஜன்னல் வழியாகக் காற்று அப்படி வந்தது, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. மரகதம் ஜன்னலடியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. "அம்மா, இங்க மூச்சு தானா வருது" என்றாள். அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

தானியேல் என்னிடம், "எப்பவும் இப்டித்தான் காத்து வருமாம்மா?" என்று கேட்டார்.

"ஆடியில இப்டித்தாங்க" என்றேன்.

பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் என்ன புரிந்துகொண்டார் தெரியுமா? "புழுதி கிளப்புற ஆடியிலயே இப்டின்னா மத்த மாசத்துக்குச் சொல்லவா வேணும்" என்று சம்சாரத்தைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பாஷா தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னங்க, இவர்களிடம் சொல்லிவிடட்டுமா? வேறு யாருக்கு வேண்டுமானாலும் விற்போம். பிள்ளை இல்லாதவர்கள், கிழவர்கள், யாராவது வருவார்கள். இந்தப் பெண்ணுக்கு வேண்டாம். விலை பேசியாயிற்று, பத்திரம் எழுதுவதற்குள் உங்கள் பதில் வேண்டும். இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இதை நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன்.

தங்கள் அன்பு மனைவி
ஞானசுந்தரி


உரிகம்
1928 ஆகஸ்டு 2

சுந்தரிக்கு,

சொல்லாதே.

நீ சொன்ன பதில் நல்ல பதில். அதோடு நிறுத்திக்கொள். ஆம்பூர் தோல் ஊர் என்று ஊருக்கே தெரியும். கண்ணும் மூக்கும் உள்ள மனுஷர், ரயிலில் எத்தனை ஊர் பார்த்தவர், கீழண்டை மதிலை எட்டிப் பார்க்க அவரை யாரும் தடுக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஆகாத காற்று இன்னொரு பிள்ளைக்கும் ஆகாது என்று எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்? ஷாப்காரர் தொட்டி வெட்டினபோது நம்மிடம் யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னார்களா?

இவர்களை விட்டால் அடுத்த ஆடி வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஐப்பசியும் கார்த்திகையும் வரும், நீ அந்த வீட்டில் தனியாக இருப்பாய். ஒருத்தனைக் கொடுத்தது போதும். உன்னையும் கொடுக்க என்னால் முடியாது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரு நாள் லீவில் வருகிறேன்.

தேவசகாயம்


ஆம்பூர்
1928 செப்டம்பர் 2

பிரியமான என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சுந்தரி ஸ்தோத்திரம்.

நீங்கள் ரயில் ஏறின மறுநாளே அவர்கள் சாமான்களோடு வந்துவிட்டார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் பூவம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊருக்கு மேற்கே, ஆற்றங்கரைப் பக்கம், ஒரு அறை. மாரிக்குப்பம் வீடு முடிகிற வரைக்கும் இங்கே இருக்கலாம் என்கிறார்.

நீங்கள் கேட்டபடி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்களுக்குப் பயந்து அல்ல. எனக்கும் அந்த வீட்டை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. உங்களோடு இருக்க ஆசையாக இருந்தது. அதுதான் உண்மை.

ரிஜிஸ்டர் ஆபீசில் மரகதம் உங்களிடம் பொம்மையைக் காட்ட வந்தபோது நீங்கள் எழுந்து போய் வெளியே நின்றீர்கள். அதைப் பார்த்தேன்.

தங்கள் அன்பு மனைவி
ஞானசுந்தரி


ஆம்பூர்
1928 நவம்பர் 4

பிரியமான என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சுந்தரி ஸ்தோத்திரம்.

காற்று திரும்பிவிட்டது.

கோயிலில் மூன்று ஞாயிறாக மரகதம் வரவில்லை. விசாரிக்கப் போனேன். தெரு முனையிலேயே எனக்கு அந்த நாற்றம் தெரிந்தது. இரண்டு மாதம் வெளியே இருந்ததில் என் மூக்குக்கு உயிர் வந்துவிட்டது. ஊறின தோலும் சுண்ணாம்பும் பதனிடும் பட்டைச்சாறும் சேர்ந்து, கண்ணில் நீர் வந்தது. இதற்குள்ளேயா நாம் பிள்ளை வளர்த்தோம்?

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். படுத்தால் மூச்சு வருவதில்லை. தினமும் பள்ளிக்கூட நேரத்துக்குப் பிறகு நான் போய் முதுகு நீவிவிட்டு வருகிறேன். அவள் அம்மா என்னை அக்கா என்கிறாள். எனக்குக் காபி போட்டுக் கொடுக்கிறாள், குடிக்கிறேன்.

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. "இவர் வெளங்க விசாரிச்சிருந்தா எம் பொண்ணு இப்டி குந்திகினு இருப்பாளாக்கா?" என்று அந்த அம்மாள் அவர் காதில் விழும்படியே சொல்லுகிறாள். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். என்னிடம் தனியாக, "கரிப்புகையில என் மூக்கு செத்துப் போச்சும்மா. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியல. என் தப்புதான்" என்றார்.

வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அவர்கள் கையில் இருந்ததையெல்லாம் இதில் போட்டுவிட்டார்கள், வேறு இடம் பிடிக்க வழியில்லை. பூவம்மாளிடம் சொல்லி இந்த அறைக்கு அவர்களைக் கூப்பிட்டேன். வயசான மனிதர், பிறத்தியார் வீட்டில் எப்படித் தங்குவது என்று சங்கடப்படுகிறார். மரகதத்தை வண்டியில் ஏற்றவும் இப்போது பயமாக இருக்கிறதாம்.

ஞானசுந்தரி


உரிகம்
1928 நவம்பர் 11

அன்புள்ள சுந்தரிக்கு,

மாரிக்குப்பம் வீடு நேற்று முடிந்தது. சாவி என் கையில். பணம் அதில் போய்விட்டது, திரும்ப வாங்குவது நடக்காத காரியம். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரம் இருக்கிறது, உனக்குப் பிடிக்கும். கிறிஸ்துமசுக்கு முன்னால் வந்து உன்னை அழைத்துப் போகிறேன்.

அதுவரைக்கும் அந்த வீட்டுக்குப் போகாதே. போய் என்ன செய்யப்போகிறாய்? உன் உடம்பைத்தான் கெடுத்துக்கொள்வாய். பிள்ளைக்குக் குணமாகும், வேண்டிக்கொள்.

உன் அன்பு
தேவசகாயம்


ஆம்பூர்
1928 டிசம்பர் 3

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

மரகதம் சனிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள். பாதிரி ஐயர் ஜெபம் பண்ணினார். சாமுவேலுக்கு இரண்டு கல்லறை தள்ளி இடம் கொடுத்தார்கள்.

நேற்று தானியேல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அரக்கோணத்துக்கே திரும்பிவிடப் போகிறார்களாம். "நீங்க வீட்டை அவ்ளோ அழகாக் காட்டினீங்க. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. உங்க வீட்டுக்காரர் விவரம் தெரிஞ்சவரு. எந்த மாசம் காட்டினா நல்லா வித்துப்போகும்னு கேட்டு எழுதுங்கம்மா" என்றார். கள்ளம் எதுவும் இல்லாமல்தான் கேட்டார்.

அவர் கேட்டதை எழுதிவிட்டேன். என்ன சொல்லட்டும்?

ஞானசுந்தரி


மாரிக்குப்பம்
1928 டிசம்பர் 9

அன்புள்ள சுந்தரிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை. முழங்காலில் நின்றேன். நம் பையனுக்காகவா அந்தப் பெண்ணுக்காகவா அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் நடந்தது நடந்துவிட்டது. இப்போது நீ எதையாவது சொன்னால் செத்த பிள்ளை எழுந்து வராது. பிள்ளையைக் கொடுத்தவர்களுக்கு இன்னொரு பாரத்தைத் தூக்கிக் கொடுப்பாய், அவ்வளவுதான். அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது. ஆடி வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல். மேல்காற்று அடிக்கும்போது காட்டினால் நல்லபடியாகப் போகும். வேண்டுமானால் நானே வந்து கூட நிற்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி வண்டியில் வருகிறேன். பெட்டியைக் கட்டி வை.

உன் அன்பு
தேவசகாயம்


ஆம்பூர்
1928 டிசம்பர் 13

திரு. தேவசகாயம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். சாமான்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு மூலையில், அந்த அம்மாள் ஒரு மூலையில். "எந்த மாசம்னு எழுதியிருக்காரும்மா?" என்று கேட்டார்.

"ஆடி" என்றேன்.

அவர் கையிலிருந்த சணலை இழுத்துக் கட்டப் போனவர் அப்படியே நிறுத்தினார். ரயில்காரர், எந்த வண்டி எந்த நேரத்தில் எங்கே வரும் என்று கணக்குப் போட்டே வயசானவர். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் விளக்கினேன். மேல்காற்றையும் வெள்ளிக்கிழமையையும் அலமாரி வைத்த ஜன்னலையும் சாமுவேலையும் ஒன்று விடாமல் சொன்னேன். என் பங்கைக் குறைத்தும் சொல்லவில்லை, உங்கள் பங்கைக் கூட்டியும் சொல்லவில்லை. அந்த அம்மாளைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்ல. அவரு கேட்டாரு. நான்தான் சொல்லல" என்றேன்.

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். "நீயும் ஒரு புள்ளையப் பெத்தவன்னு நெனச்சேனே" என்று மட்டும் சொன்னாள். பிறகு தானியேல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் வாசலில் நின்றேன், போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

வண்டி கிளம்பும்போது தானியேல் வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "யாராவது வாங்கக் கேட்டு வந்தா நீங்களே தொறந்து காட்டுங்க. ஆடியில வேணாம். கார்த்திகையில காட்டுங்க" என்றார். அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதைச் செய்யத்தான் நான் இங்கே இருக்கப்போகிறேன். பூவம்மாள் பள்ளிக்கூடத்தில் எனக்கும் தையல் வேலை சொல்லியிருக்கிறார். ஆடியில் யார் வந்தாலும் கதவு திறக்காது. கார்த்திகையில் வருகிறவர்களைக் கீழண்டை ஜன்னலருகே நிறுத்தி வைப்பேன். மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். எல்லாம் தெரிந்தும் வேண்டும் என்கிறவர் எப்போதாவது வந்தால் அரக்கோணத்துக்கு எழுதிப்போடுவேன். யாரும் வராமலே போகலாம், அதுவும் எனக்குத் தெரியும்.

நீங்கள் என்னைக் காப்பாற்றத்தான் செய்தீர்கள். அதை நான் நம்புகிறேன். உங்கள் மேல் எனக்கு இருந்த பிரியம் இன்னும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த மாரிக்குப்பம் வீட்டில், அந்த முருங்கை மரத்தடியில், என்னால் மூச்சு விட முடியாது.

இருபத்திரண்டாம் தேதி வர வேண்டாம். பெட்டி கட்டவில்லை.

ஞானசுந்தரி